‘இன்ஸ்பிரேஷன்’ இருக்கட்டும், மண் எங்கே எடுத்தாய் என்று கேளுங்கள்

எந்த செராமிக் கண்காட்சிக்குப் போனாலும் சுவரில் ஓர் அட்டை இருக்கும். கலைஞரின் பெயர், படித்த இடம், கீழே இரண்டு பத்தி. அந்த இரண்டு பத்திக்குள் கடல் வரும், பாசி வரும், பாட்டி வீட்டு முற்றம் வரும், ‘மண்ணின் மௌனம்’ கட்டாயம் வரும். அந்த மண்ணை எந்த ஏரியில் எடுத்தார்கள், யார் சலித்தார்கள், யார் மிதித்தார்கள் என்பது மட்டும் வராது. இந்தக் கட்டுரை அந்த அட்டைக்கு எதிரானது. அட்டையை எழுத வைக்கிற கேள்விக்கு எதிரானது: “உங்க இன்ஸ்பிரேஷன் என்ன?”

யார் பேசுகிறார் என்று சொல்லிவிடுகிறேன். நான் தா.பழூர்க்காரி. குயவர் வீட்டுப் பெண். ஆனால் சக்கரத்தில் உட்கார்ந்து வனையக் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டில் இல்லை, வெளியூரில் ஒரு ஸ்டூடியோவில். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது ஊரிலேயே ஒரு தகரக் கொட்டகை, ஒரு மின்சாரச் சக்கரம், ஒரு சின்ன கேஸ் சூளை. கோப்பை, தட்டு, ஜாடி செய்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் விற்கிறேன். ஆகவே நான் திட்டப்போகிற உலகத்தில்தான் என் சோறும் இருக்கிறது. அதனால் திட்டக் கூடாது என்று இல்லை. வெளியே நிற்பவர் திட்டினால் பொறாமை என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான்.

முதலில் ‘ஸ்டூடியோ வாழ்க்கை’. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்ப்பது சக்கரம் சுற்றுகிற முப்பது நொடி. ஈரக் கை, மேலே எழும்புகிற மண், பின்னணியில் பியானோ. உண்மையில் ஒரு வாரத்தில் நான் சக்கரத்தில் உட்காரும் நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு பகல்கூட வராது. மிச்சமெல்லாம் மண் பிசைவது, காற்றுக்குமிழி போகத் தட்டுவது, காய்கிற வேகத்தைக் கட்டுப்படுத்த பாலிதீன் போட்டு மூடுவது, திறப்பது, மறுபடி மூடுவது, கிளேஸ் சலிப்பது, சூளைத் தட்டைச் சுரண்டுவது, சிலிண்டர் வருமா என்று போன் போடுவது. ஸ்டோன்வேர் சூளை 1,250, 1,280 டிகிரி போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆற இன்னொரு நாள். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் உருமாறும். ஏறும்போது சட்டென்று பருக்கும், இறங்கும்போது சுருங்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல்தான்.

அம்மாவுக்கு 573 என்ற எண் தெரியாது. சூளையைச் சூடு ஆறுவதற்குள் பிரித்தால் “டிங்”குன்னு ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால் அந்தப் பானை போச்சு என்று தெரியும். நான் புத்தகத்தில் படித்ததை அவர் காதால் படித்திருக்கிறார். இரண்டும் ஒரே அறிவு. ஒன்றுக்கு அட்டை இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

இப்போது காட்சிகளுக்கு வருவோம். ஏனென்றால் ‘உங்கள் நிலப்பரப்பு உங்கள் கலையில் எப்படி வருகிறது’ என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த துணைக்கேள்வி. அரியலூர், பெரம்பலூர் என்றால் அதற்குப் பதில் சொல்வது ரொம்பச் சுலபம். சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்து சொன்னது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழசு என்கிறார்கள். காரைப் பக்கம் போனால் மழை அரித்த செம்மஞ்சள் மேடுகளில் கடல் உயிர்களின் எச்சங்கள். அம்மோனைட் என்கிற சுருள் சுருளான கல்லைக் கையில் எடுத்தால் சக்கரத்தில் வனைந்த தட்டின் உள்பக்கம் மாதிரியே இருக்கும். வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. ‘கடல் விட்டுச்சென்ற ஊரின் மகள் நான்’ என்று ஆரம்பித்தால் இரண்டு பத்தி ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடலாம். கேலரிக்காரர்களுக்குக் கண் கலங்கும்.

ஆனால் அந்தக் கடல் விட்டுச்சென்றது கவிதை மட்டும் இல்லை. சுண்ணாம்பையும் விட்டுச்சென்றது. அதனால்தான் எங்கள் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகள். அந்தச் சுண்ணாம்பு ஒரு குயவருக்கு என்ன செய்யும் தெரியுமா? களிமண்ணில் சுக்கான்கல் ஒரு மிளகு அளவு கலந்திருந்தால் போதும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பானை வெளியே நன்றாகத்தான் வரும், தட்டினால் கணீர் என்று கேட்கும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து அந்தத் துணுக்கு உப்பும். சில நாளில், சில வாரத்தில், விற்று வீட்டுக்குப் போன பிறகும்கூட, பானையின் மேல்பரப்பிலிருந்து ஒரு சில்லு பட்டென்று தெறித்துவிடும். நடுவில் வெள்ளையாய் ஒரு புள்ளி. வாங்கினவர் திரும்பி வந்து சண்டை போடுவார். குயவரின் பெயர் கெடும்.

அதே சுண்ணாம்பை நான் பொடியாக வாங்கிக் கிளேஸில் கலக்கிறேன். என் சூளையின் உச்சச் சூட்டில் அது இளக்கியாக வேலை செய்து மற்ற பொருட்களையும் உருக்கிக் கண்ணாடியாக்குகிறது. எனக்கு நண்பன், பெரியப்பாவுக்கு எதிரி. ஒரே கல். வித்தியாசம் சூளையின் சூடு. அந்தச் சூட்டுக்கு வேண்டியது கேஸ், உலைக்கல், முதலீடு. அந்த முதலீடு இருப்பவளுக்கு அரியலூரின் சுண்ணாம்பு ‘காட்சி உத்வேகம்’. இல்லாதவருக்கு அது திரும்பி வந்த பானை. நிலப்பரப்பு எல்லோருக்கும் ஒன்றில்லை. இதைச் சொல்லாமல் ‘என் மண், என் வேர்’ என்று எழுதுகிற அட்டை பாதிப் பொய்.

இன்னொரு உதாரணம், இதைவிடக் கூர்மையானது. வைக்கோலும் வரட்டியும் போட்டுச் சுடுகிற நாட்டுச் சூளையில் சில பானைகளில் கறுப்புத் திட்டு விழும். காற்று சரியாகப் போகாத இடத்தில் புகை பிடித்துக்கொள்வது. எங்கள் வீட்டில் அதைத் தனியாக எடுத்து வைப்பார்கள். விலை குறையும். “கறை புடிச்சது, பத்து ரூவா கொறைச்சிக் குடு” என்று வாங்குபவர் கேட்பார், அம்மாவும் கொடுப்பார். நகரத்துக் கேலரியில் அதே கறுப்புத் திட்டுக்கு ‘நெருப்பின் கையெழுத்து’ என்று பெயர். அதை வரவழைப்பதற்காக மரத்தூளில் புதைத்து, குழியில் போட்டு, மெனக்கெட்டுச் சுடுகிறோம். அதற்காக விலை ஏறும்.

கண் வேறு, ரசனை வேறு என்று இதை விட்டுவிட முடியாது. அம்மாவுக்கு அந்தத் திட்டின் அழகு தெரியாமல் இல்லை. “மேகம் மாதிரி இருக்கு பாரு” என்று எனக்குச் சின்ன வயதில் காட்டியதே அவர்தான். ஆனால் அழகு என்று சொல்லி விலை வைக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. என்னிடம் பாதி இருக்கிறது. அட்டை எழுதுபவரிடம் முழுசாக இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ‘கைவினைஞர் திரும்பத் திரும்ப ஒன்றையே செய்கிறார், கலைஞர் புதிதாக ஒன்றைத் தேடுகிறார், இரண்டும் எப்படி ஒன்றாகும்?’ தொழில்நுட்பமும் வேறு என்பார்கள். உண்மைதான், கிளேஸ் போட்ட ஸ்டோன்வேருக்கும் நாட்டுப் பானைக்கும் சூட்டிலேயே முந்நூறு நானூறு டிகிரி வித்தியாசம். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்காமல் இருந்திருந்தால், அவர்களிடம் கற்றவர்கள் நாடு முழுக்கப் பரவாமல் இருந்திருந்தால், இன்று நான் செய்கிற வேலைக்கு ஒரு பெயர்கூட இருந்திருக்காது. விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி அங்கே பொம்மைத் தொழிலே வளர்ந்தது. இதெல்லாம் புதிய அறிவு, மதிக்க வேண்டிய அறிவு.

ஆனால் திரும்பச் செய்வது யோசிக்காமல் செய்வது என்று யார் சொன்னது? குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் வருவது பாதிக் குடம்தான், அடியே இருக்காது. கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி வயிற்றை உருட்டுகிறார்கள். சுவர் மெலிய வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. இடுப்பில் உட்கார வேண்டும், தண்ணீர் ததும்பக் கூடாது, கயிறு கட்ட கழுத்து வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு முடிவு இருக்கிறது. நான் ஒரு கோப்பைக்குக் கைப்பிடி எங்கே வைப்பது என்று ஒரு நாள் யோசித்தால் அது ‘டிசைன் பிராசஸ்’. அவர் ஒரு நாளில் நாற்பது முறை யோசித்தால் அது ‘பழக்கம்’.

கங்கைகொண்ட சோழபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மாளிகைமேட்டில் அகழாய்வு செய்தபோது கூரை ஓடுகள், இரும்பு ஆணிகளோடு சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ராஜேந்திர சோழன் காலத்தில் 1033இல் சீனத்துக்குத் தூது போயிருக்கிறது, ஆக ஆச்சரியம் இல்லை. செய்தி வரும்போது தலைப்பில் அந்தச் சீனத் துண்டு வரும். அதோடு குவியல் குவியலாகக் கிடைத்த உள்ளூர்ச் சிவப்பு ஓடுகள் மூட்டைக் கணக்கில் போகும். அரண்மனைக் கூரையை மூடியவை அவைதான், சமையலறையில் சோறு பொங்கியவை அவைதான். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்குத் தூரத்திலிருந்து வந்த பளபளப்புதான் கலை. இதில் நான் சோழர்களைக் குறை சொல்லவில்லை, தலைப்பு எழுதுகிற நம்மைச் சொல்கிறேன்.

தூரம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். எங்கள் பகுதி ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல் திருப்பிக் கொடுத்தார்கள். பூட்டிய கோயிலில் இருந்தவரை யாரும் எட்டிப் பார்க்காத செம்பு, கான்பெராவில் விளக்கு போட்டதும் கலை. வெண்கலத்துக்கே இந்தக் கதி என்றால் மண்பானைக்கு என்ன சொல்வது.

‘பெயர் முக்கியமில்லை, பெயரற்ற கைவினைஞனின் பணிவுதான் அழகு’ என்று ஒரு தத்துவமும் உண்டு. ஜப்பானில் யானகி சோயெட்சு 1920களில் முன்வைத்தது. செராமிக் படிக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் அதில் விழுவார்கள். அழகான எழுத்து. ஆனால் அந்த இயக்கத்தின் வரலாற்றைப் பாருங்கள். யானகியின் நண்பர் ஹமாடா ஷோஜி தன் பானைகளில் கையெழுத்துப் போட மாட்டார். எவ்வளவு பணிவு! 1955இல் அவருக்கு ஜப்பான் அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்கிற அளவுக்கு அங்கீகாரம் கொடுத்தது. எல்லோருக்கும் தெரிந்த பெயருக்குக் கையெழுத்து எதற்கு? பெயர் இருப்பவருக்குத்தான் பெயரின்மை ஒரு துறவு. இல்லாதவருக்கு அது வெறும் இல்லாமை.

பிரான்சில் பிக்காசோ 1947 முதல் வல்லோரிஸ் ஊரின் மதுரா பட்டறையில் ஆயிரக்கணக்கில் செராமிக் செய்தார் என்று படிக்கிறோம். அவற்றில் பலவற்றைச் சக்கரத்தில் வனைந்து கொடுத்தவர் ழூல் அகார் என்கிற குயவர். பிக்காசோ அந்த ஈர ஜாடியை வளைத்தார், பெண்ணாக்கினார், பறவையாக்கினார். மேதைதான். ஆனால் உங்களில் எத்தனை பேருக்கு அகார் பெயர் தெரியும்? 1968இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் ஃபிலடெல்ஃபியாவில் நம் கிராமத்துக் கலைகளுக்கு ஒரு பெரிய கண்காட்சி வைத்தார். பெருமைப்பட வேண்டிய காரியம். அதன் தலைப்பு ‘அறியப்படாத இந்தியா’. யாருக்கு அறியப்படாதது? அய்யனார் குதிரை செய்கிற வேளாருக்கு அது நன்றாகவே தெரியும். அவரே செய்து, கண் திறந்து, பல ஊர்களில் அவரே பூசாரியாகவும் இருக்கிறார்.

சரி, இவ்வளவு பேசியாயிற்றே, அப்படியானால் மரபுக்குத் திரும்புவோம், பாரம்பரியக் குயவரைக் காப்பாற்றுவோம் என்று நான் முடிப்பேன் என எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன். அந்தக் கூட்டத்தோடும் எனக்குச் சண்டை உண்டு.

மண்பானைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது, மண்சட்டி மீன்குழம்புக்கு ஈடு இல்லை என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள்தான், கும்பகோணம் கடைத்தெருவில் பானைக்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்பவர்களும். மதனத்தூர் பாலம் தாண்டிப் பானையைக் கொண்டுபோய் இறக்கினால் உடைந்தது போக மிஞ்சுவதில்தான் லாபம். அது இவர்கள் மரபுக் கணக்கில் வராது. குயவர் அழுக்கு வேட்டியோடு, கைச்சக்கரத்தோடு, புகையோடு அப்படியே இருக்க வேண்டும். இவர்கள் வருடத்துக்கு ஒரு பொங்கல் பானை வாங்கி அவரை வாழ வைப்பார்கள்.

நான் ஏன் வெளியூரில் போய்க் கற்றேன் என்று சொல்கிறேன் என்றேனே. எங்கள் வீட்டில் பெண்கள் சக்கரத்தைத் தொடக் கூடாது. நிறையக் குயவர் வீடுகளில் இதுதான் வழக்கம். மண் சுமப்பது, கல் பொறுக்குவது, மணல் சலிப்பது, மிதிப்பது, காவி பூசுவது, சூளை அடுக்குவது, தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பது எல்லாம் பெண்கள். சக்கரம் மட்டும் ஆண்கள். பன்னிரண்டு வயதில் நான் சக்கரத்தில் கை வைத்ததற்குப் பெரியப்பா கத்தினது இன்னும் காதில் இருக்கிறது: “ஏ பாப்பா, எந்திரி மொதல்ல.” எனக்குச் சக்கரத்தைக் கொடுத்தது மரபு இல்லை, ஒரு நகரத்து ஸ்டூடியோ. பணம் கட்டினேன், உட்கார விட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காக நான் நவீனத்துக்கு எப்போதும் கடன்பட்டவள்.

ஆனால் அதே ஸ்டூடியோ உலகம், நான் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் என்ன செய்தது? ஒரு கண்காட்சிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் அம்மாவின் பெயரை, அவர் எனக்காக மண் பதப்படுத்திக் கொடுத்ததைச் சேர்த்திருந்தேன். அச்சாகி வந்தபோது அம்மாவின் பெயர் இல்லை. ‘தலைமுறைகளின் மண் நினைவு’ என்று மாறியிருந்தது. ஓர் ஆளை எடுத்துவிட்டு அங்கே ஒரு வாசனையை வைத்திருந்தார்கள். அந்த உலகம் உத்வேகம் என்று சொல்வது இந்த மாற்று வேலையைத்தான்.

சங்க இலக்கியத்தில் வெண்ணிக்குயத்தியார் இருக்கிறார். புறநானூற்றில் அவர் பாடல் 66ஆவது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்து, தோற்று வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்கிறார். வென்ற அரசனின் முகத்துக்கு நேரே. அவர் மண்ணின் மௌனத்தைப் பற்றிப் பேசவில்லை. நியாயத்தைப் பற்றிப் பேசினார். ஆனால் கவனியுங்கள், அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நாம் அந்த வழக்கத்தை விடவில்லை.

இப்போது நடைமுறை. ஏரியில் களிமண் எடுக்க அனுமதி வேண்டும். 1959ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின் கீழ் அது வரும். 2024இல் விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாம் என்று எளிதாக்கினார்கள். நல்லது. ஆனால் வண்டி வாடகை, பொக்லைன் வாடகை, எடுத்த மண்ணை மழைக்கு முன் கொட்டி வைக்க இடம், இதெல்லாம் அனுமதிச் சீட்டில் வராது. மழைக்காலத்தில் பானை காயாது, சூளை எரியாது, அதற்குத்தான் அரசு நிவாரணம் கொடுக்கிறது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் அடுப்பும் சேருங்கள் என்று குயவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இது செய்தித்தாள் விஷயமாகத் தோன்றலாம். எனக்கு இதுதான் செராமிக்கின் அழகியல். மண் வராவிட்டால் வடிவம் எங்கிருந்து வரும்?

எனக்கும் கண் இருக்கிறது, காட்சிகள் உள்ளே போகத்தான் செய்கின்றன. கொள்ளிடத்து மணலில் தண்ணீர் வற்றிய வரிகள், அடுக்கிய பானைகளின் கழுத்து வரிசை, தட்டுப்பலகை விட்டுப்போன மழுங்கிய பட்டைகள். இவையெல்லாம் என் ஜாடிகளில் இருக்கின்றன. ஆனால் அவை எனக்குத் தெரிந்தது பார்த்ததால் இல்லை, சுமந்ததால். அந்தப் பட்டைகளை எனக்கு வரையத் தெரியாது, தட்டினால் கையில் வரும். சும்மா பார்த்தவருக்கு உத்வேகமாக இருப்பது, வேலை செய்தவருக்கு ஞாபகம்.

ஆகவே கண்காட்சி நடத்துபவர்களுக்கும், பேட்டி எடுப்பவர்களுக்கும், ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து என் கோப்பையை வாங்குகிற உங்களுக்கும் சொல்கிறேன். அட்டையில் வேலை செய்த எல்லோருடைய பெயரையும் போடுங்கள்: மண் பிசைந்தவர், சூளை அடுக்கியவர், வனைந்தவர், கிளேஸ் போட்டவர். சினிமா கடைசியில் லைட்மேன் பெயர் ஓடுகிறதே, அந்த அளவுக்காவது. அய்யனார் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால் செய்தவர் பெயரும் ஊரும் எழுதுங்கள், ‘தமிழ்நாடு, சுடுமண்’ என்று முடிக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் பானை வாங்கினால், என்னிடம் பேரம் பேசாத நீங்கள் அங்கேயும் பேசாதீர்கள். பேட்டிக்கு வந்தால் மண் எங்கே வாங்கினாய், எவ்வளவு கொடுத்தாய், யார் மிதித்தது, எத்தனை உடைந்தது என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் சளைக்காமல் பேசுவேன். அந்தப் பேச்சில் அம்மாவின் பெயர் பத்து முறை வரும். அதில் ஒரு முறையாவது அச்சில் வர வேண்டும்.